முந்தின நாளே ஒட்டிய பெயர்கள்

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு எறும்பக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. ஊசியைக் கண்டதும் கையை இழுத்துக்கொள்கிறவர்களிடம் உலகத்து ஊசிக்காரர்கள் எல்லோரும் சொல்கிற பொய்யைத்தான் அவளும் சொல்வாள்: "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்." அவள் சொன்னால் மட்டும் அது நிஜமாகவே எறும்புக்கடியோடு முடிந்துவிடும். வேறு இடத்தில் நாலு குத்து வாங்கி, கையெல்லாம் நீலம் பாரித்து வந்தவர்கள்கூட அவளிடம் ஒரே குத்தில் வேலை முடிந்து எழுந்து போவார்கள். "எறும்பம்மா இருக்காங்களா?" என்று வாசலிலேயே விசாரித்துவிட்டு, இல்லையென்றால் நாளைக்கு வருகிறேன் என்று திரும்புகிற ஆட்கள் உண்டு. பதினேழு வருடம் சேர்த்து வைத்த பெயர் அது.

அந்தக் கைக்குத்தான் மூன்று வருடங்களுக்கு முன்னால் முடக்குவாதம் வந்து சேர்ந்தது. முதுகுக்கு வந்திருக்கலாம், கழுத்துக்கு வந்திருக்கலாம். நோய் என்ன இடம் பொருள் ஏவல் பார்த்தா வருகிறது? உடம்பைக் காக்க வேண்டிய காவல்காரன் புத்தி பிசகி, சொந்த மூட்டுகளையே அடிக்க ஆரம்பித்துவிட்டான் என்று மூட்டு டாக்டர் விளக்கினார். நன்றாகத்தான் விளக்கினார். அடி வாங்குவது அவர் மூட்டு இல்லையே. வாரத்தில் ஒரு நாள் ஆறு மாத்திரை, மறுநாள் முழுக்கக் குமட்டல், இரண்டு மாதத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை என்று ஏற்பாடாகிவிட்டது. மாத்திரைக்கு வலி கொஞ்சம் கேட்டது, முழுக்கக் கேட்கவில்லை.

வலியையாவது வெளியே சொல்லலாம். வலி என்றால் எல்லோருக்கும் தெரியும். இந்த அசதி இருக்கிறதே, அதை யாரிடம் சொல்வது? "அசதியா இருக்கு" என்று ஆரம்பித்தால் போதும், எதிரில் இருப்பவர் "எனக்கும்தான்" என்று ஒரு கொட்டாவி விட்டுப் பேச்சை முடித்துவிடுவார். அவளுடையது தூங்கினால் தீர்கிற அசதி இல்லை. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும், யாரோ அவளை ராத்திரி முழுக்க மூட்டை தூக்க வைத்துவிட்டுக் காலையில் கொண்டுவந்து கட்டிலில் போட்டது போல இருக்கும். பல் தேய்த்து முடித்ததும் ஒரு முறை உட்கார வேண்டும். உடை மாற்றி முடித்ததும் இன்னொரு முறை.

வேலை ஆறரை மணிக்கு. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் விடியும்போதே வந்து நிற்பார்கள். அதனால் அவள் நாலரைக்கே எழுந்து, ஒரு பேசினில் சூடான தண்ணீர் ஊற்றி, இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரை அமுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். விரல் கணுக்கள் காலையில் மடங்காது. ஒவ்வொரு விரலாகக் கெஞ்சி மடக்க வேண்டும். தண்ணீர் ஆறியதும் மறுபடி சூடு பண்ணுவது கணவன். அவன் கண்ணாடிக் கடையில் கண்ணாடி வெட்டுகிறவன். காலை எட்டு மணிக்குப் போனால் போதும், ஆனாலும் எழுந்து வருவான். அவளால் தலைக்கு மேலே கையைத் தூக்க முடியாது என்பதால், பதினைந்து வயது மகள் அரைத்தூக்கத்தில் வந்து அம்மாவுக்குத் தலை வாரிப் பின்னிவிடுவாள். "ஆடாதம்மா" என்று அதட்டு வேறு. துணி பிழிவதும் பாட்டில் மூடி திறப்பதும் அப்பா, பின்னல் மகள் என்று வீடே பங்கு பிரித்துக்கொண்டிருந்தது. இதெல்லாம் எத்தனை நாளைக்கு என்று யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. முகத்தில் சில சமயம் தெரியும்.

ஊசி பிடிப்பதில் அவளுக்கு அவ்வளவு கஷ்டம் இல்லை. ஊசி கைக்குள் அடங்கி நிற்கும், பழகிய கோணம், பழகிய அழுத்தம். அவளை மண்டி போட வைத்தது லேபிள்தான். ஒவ்வொருவரின் பெயரும் எண்ணும் அச்சாகி, சுண்டுவிரல் அகலத்துக்கு ஒட்டுத்தாளாக வரும். அதன் மூலையை நகத்தால் நிமிண்டி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து உரிக்க வேண்டும். சின்னப் பிள்ளை செய்கிற வேலை. காலை ஆறரைக்கு அந்த இரண்டு விரல்களும் ஒன்றையொன்று தொடவே தொடாது. அவள் உரிக்க முயல, தாள் கிழிய, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் "என்னம்மா, குத்துறதவிட ஒட்டுறதுக்கு நேரமாகுதே?" என்று சிரிக்க, அவளுக்கு வியர்த்துவிடும்.

நிலையத்தின் பொறுப்பாளர் ஒரு நெட்டையான அம்மாள். அளவுகோல் என்று அவருக்குப் பட்டப்பெயர், உயரத்துக்கும் சேர்த்து, குணத்துக்கும் சேர்த்து. ரத்தம் எடுக்கும் அறையில் அவர் கையாலேயே எழுதி ஒட்டிய அட்டை ஒன்று இருக்கிறது: 'முதலில் ரத்தம் எடு. பிறகு பெயர் கேள். அவர் கண்ணெதிரில் லேபிள் ஒட்டு.' காலி டியூபில் முன்கூட்டியே பெயர் ஒட்டக் கூடாது என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம். பெயர் ஒட்டிய காலி டியூபுக்குள் யாருடைய ரத்தம் வேண்டுமானாலும் போய்விடலாம் அல்லவா?

எறும்பக்கா அந்தப் பாடத்தைப் பதினேழு வருடம் மீறியதில்லை. பிறகு மீறினாள். மதியம் ஒரு மணிக்கு அவள் விரல்கள் ஓரளவு மனிதத்தன்மைக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் மறுநாளைக்குப் பதிவு செய்திருப்பவர்களின் லேபிள்களை அச்செடுத்து, உரித்து, காலி டியூப்களில் ஒட்டி, வரிசையாகத் தாங்கியில் அடுக்கி, துணி போட்டு மூடி வைத்துவிட்டுப் போவாள். காலையில் ஆள் வர வர, அவரவர் டியூபை எடுத்துக் குத்த வேண்டியதுதான். அவளுக்கு மூட்டு நோய் இருப்பது நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும். "மாத்திரையில கட்டுக்குள்ள இருக்கு" என்று சொல்லி வைத்திருந்தாள். காலையில் ஒரு லேபிளைக்கூட உரிக்க முடியாது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் ஊசியைப் பிடுங்கிக்கொண்டு அவளைத் தொலைபேசி மேஜைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயம். ஊசி போனால் எறும்பக்கா எங்கே? ஏதோ ஒரு அக்கா மிஞ்சுவாள், அவ்வளவுதான்.

எட்டு மாதம் இப்படியே ஓடியது. ஒரு தப்பும் நடக்கவில்லை. நடக்கவில்லை என்பதாலேயே அது தப்பு இல்லை என்று அவளுக்குத் தோன்ற ஆரம்பித்திருந்தது.

அந்த மாதம் அவளுடைய சொந்த ரத்தத்தையும் கொடுக்க வேண்டியிருந்தது. அதே காலையில் அவளுடைய பழைய வாடிக்கையான தபால்காரரும் வந்தார். ஓய்வு பெற்று ஏழு வருடமானவர். அவருக்கும் இதே நோய், இதே பரிசோதனை, ஆளுக்கு ஊதா மூடி டியூப் ஒன்று, மஞ்சள் மூடி டியூப் ஒன்று. நோய் ஒன்றாக இருந்தாலும் அவருக்கு மாத்திரை நன்றாகக் கேட்டிருந்தது. "இந்த வாட்டியும் நல்லா வந்துச்சுன்னா மாத்திரைய குறைச்சுடலாம்னு டாக்டர் சொல்லியிருக்காரும்மா" என்று சொல்லிக்கொண்டே சட்டைக் கையை மடித்தார். அவள் தாங்கியில் இருந்து ஒரு ஜோடி டியூபை எடுத்தாள். ஒரே குத்து, ஒரே நிமிடம். அவர் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு கிளம்பிப் போனார். கூட்டம் குறைந்ததும் அவள் பக்கத்து நாற்காலியில் ரத்தம் எடுக்கிறவளிடம் மிச்சமிருந்த ஜோடியைக் கொடுத்துத் தன் கையை நீட்டினாள். அவளும் பெயரைப் படிக்கவில்லை. எறும்பக்கா கொடுத்த டியூபில் போய்ப் பெயர் பார்ப்பார்களா?

மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்தது. உடம்பில் எவ்வளவு வீக்கம் என்று சொல்கிற எண் ஒன்று உண்டு. இருபதுக்குள் இருந்தால் நல்லது. அவளுக்கு எழுபதை ஒட்டியே இருந்து வந்த அந்த எண், பதினான்கு என்று இருந்தது.

அவள் மூன்று முறை படித்தாள். கழிப்பறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதாள். மூன்று வருடத்தில் சந்தோஷத்துக்கு அழுதது அதுதான் முதல் தடவை.

அன்று பிற்பகல் டாக்டரிடம் போனபோது, அவர் ரிப்போர்ட்டைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அவள் விரல் கணுக்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார்.

"இங்க கொஞ்சம் வீக்கம் இருக்கற மாதிரி இருக்கே. வலிக்குதா?"

வலித்தது. "பரவாயில்ல டாக்டர், முன்னைக்கு எவ்வளவோ தேவல" என்றாள். பதினான்கு என்று வந்த பிறகு வலிக்கிறது என்று சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. டாக்டர் ஆறு மாத்திரையை நாலாக்கி எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் அன்றைக்கு எல்லோருக்கும் வாயெல்லாம் பல். மகள் ரிப்போர்ட்டைப் படம் எடுத்துத் தன் அத்தைக்கு அனுப்பினாள். கணவன் நாள் முழுக்கக் கண்ணாடித் தகடுகளைத் தூக்கிவிட்டு வந்திருந்தாலும் அவளுக்குப் பிடித்த இனிப்பை வாங்கி வந்திருந்தான். நாத்தனார் தொலைபேசியில் வந்தாள்.

"அண்ணி, நான்தான் அப்பவே சொன்னேன்ல? பாதி மனசுதான். மனசுல நோய் இல்லன்னு நெனச்சா நோய் இல்ல!"

"ஆமாம்மா" என்றாள் அவள். மற்ற நாளாக இருந்தால் சுருக்கென்று ஏதாவது சொல்லியிருப்பாள்.

அதற்கு அப்புறம் நடந்ததை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. முதல் வாரம் மகள் தலை பின்ன வரவில்லை. "அதான் சரியாயிடுச்சேம்மா, நான் இன்னும் கொஞ்சம் தூங்கறேனே" என்றாள், நியாயமாகத்தான் இருந்தது. இரண்டாம் வாரம் கணவன் நாலரைக்கு எழுவது நின்றது. துணி பிழிவது அவள் பக்கம் வந்தது. யாரும் கெட்டவர்கள் இல்லை. மூன்று வருடமாகச் சுமந்தவர்கள், இறக்கி வைக்கலாம் என்றதும் இறக்கி வைத்துவிட்டார்கள்.

உடம்பு மட்டும் அந்த ரிப்போர்ட்டைப் படிக்கவில்லை. மாத்திரை குறைந்த மூன்றாம் வாரத்தில் மணிக்கட்டு பந்து போல வீங்கியது. படியிறங்கும்போது பாதத்தின் ஒவ்வோர் எலும்பும் தனித்தனியாகத் தன் இருப்பைத் தெரிவித்தது. மதியம் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றக் குனிய முடியாமல், வாசல் கதவில் சாய்ந்து கொஞ்ச நேரம் நிற்பாள். முன்பானால் 'இது நோய்' என்று சொல்லித் தன்னைத் தானே தேற்றிக்கொள்வாள். இப்போது அதற்கும் வழியில்லை. ரத்தமே நல்லா இருக்கு என்கிறது, அப்புறம் இந்த வலிக்கு என்ன பெயர்? சோம்பலா? பாசாங்கா? மூன்று வருடம் எல்லோரும் தாங்கித் தாங்கிப் பழக்கிவிட்டதால் உடம்பு செல்லம் கொஞ்சுகிறதா? நாத்தனார் சொன்னது சரிதானோ என்றுகூட நினைத்தாள். நாத்தனார் சொன்னது சரி என்று அவள் நினைக்கிறாள் என்றால் நிலைமை எவ்வளவு மோசம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதனால் அவள் தன்னை விரட்டினாள். உட்காரத் தோன்றினால் நின்றாள். நிற்க முடியாதபோது நடந்தாள். ஐந்தாம் வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுப் பாத்திரங்கள் அப்படியே கிடக்க, படுக்கையில் போய் விழுந்துவிட்டாள். மாலை கணவன் வந்து அறை வாசலில் நின்றான்.

"எந்திரிக்கலையா?"

"முடியலங்க."

"என்ன முடியல? ரிப்போர்ட்டே நல்லா இருக்குன்னு சொல்லுது. டாக்டரே மாத்திரைய குறைச்சுட்டாரு. இன்னும் என்ன?" அவன் குரலை உயர்த்தவில்லை. அவனுக்கும் தோள்வலி, அவனுக்கும் அது ஞாயிற்றுக்கிழமை. "இப்போ இது நோயில்லம்மா. சோம்பேறித்தனம். பழகிப்போச்சு உனக்கு."

அவளுக்குக் கோபம் வரவில்லை. அவள் மனதில் ஓடிக்கொண்டிருந்ததை அவன் சத்தமாகப் படித்துவிட்டான், அவ்வளவுதான். எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். ஒரு தட்டு கை நழுவி உடைந்தது.

ஆறாம் வாரம் தபால்காரர் வந்தார். முதலில் அவளுக்கு ஆளைத் தெரியவில்லை. முகம் உப்பியிருந்தது, கழுத்துக்குக் கீழே சட்டை தொளதொளவென்று தொங்கியது. நாற்காலியில் உட்காரும் முன் கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்கினார்.

"என்ன சார், இப்படி இளைச்சுட்டீங்க?"

"மாத்திரைய குறைப்பாருன்னு போனா ரெட்டிப்பாக்கிட்டாரும்மா. கூடவே இன்னொரு மாத்திரை வேற. வாரத்துல மூணு நாள் வாயில எதுவும் வெக்க முடியல, அப்படியே வெளிய வருது. எனக்கு உடம்புல ஒரு வலி கிடையாது எறும்பு, சத்தியமா சொல்றேன். அவரு என் கைய தொட்டுக்கூடப் பாக்கல. ரிப்போர்ட்ட பாத்தாரு, 'உங்களுக்குத் தெரியாம உள்ள எரியுது'ன்னுட்டாரு."

"எவ்வளவு வந்துச்சு?"

"எழுபத்தெட்டு. எப்பவும் பதினஞ்சு பதினாறு வர்ற எனக்கு, எழுபத்தெட்டு!" சட்டைப் பையில் இருந்து மடித்த தாளை எடுத்து அவளிடம் நீட்டினார்.

தாளின் மேல் தேதி இருந்தது. அவள் தன் கையை நீட்டிய அதே நாள்.

தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவருக்கு ரத்தம் எடுத்தாள். இந்த முறை டியூபில் இருந்த பெயரை ஒவ்வோர் எழுத்தாகப் படித்துப் பார்த்தாள். "சார், கொஞ்சம் வெளிய உக்காருங்க, இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கணினியைத் திறந்தாள். தபால்காரருக்குக் கடைசி நாலு எண்கள்: பதினாறு, பன்னிரண்டு, பதினைந்து, எழுபத்தெட்டு. அவளுக்கு: அறுபத்தாறு, எழுபத்தொன்று, எழுபத்துநான்கு, பதினான்கு. இரண்டு வரிசையையும் பக்கத்தில் வைத்தால் எண்ணத் தெரிந்த குழந்தைகூடச் சொல்லிவிடும். அவருடைய ரத்தம் அவள் பெயரில் போயிருக்கிறது. அவளுடையது அவர் பெயரில்.

முதலில் அவளுக்கு வந்தது பயம் இல்லை; சொல்லவே வெட்கம், நிம்மதிதான் வந்தது. அப்படியானால் வலித்தது நிஜம். ஆறு வாரமும் நிஜம். அந்த நிம்மதி முழுசாக ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை, பின்னாலேயே தபால்காரரின் உப்பிய முகம் வந்து நின்றது.

அவள் கணக்குப் போட்டாள். இன்றைக்கு எடுத்த ரத்தத்தில் அவருக்கு நல்ல எண் வரும். யாருக்கும் சந்தேகம் வராது. அவள் வாயைத் திறக்காவிட்டால் இது இப்படியே மறைந்துபோகும். ஊசியும் பெயரும் கையோடு இருக்கும். ஆனால் அவருடைய டாக்டர் அந்த எண்ணைப் பார்த்து என்ன சொல்வார்? 'பாத்தீங்களா, ரெட்டிப்பு மாத்திரை வேலை செஞ்சிருக்கு, இதையே தொடருங்க' என்பார். தேவையில்லாத மாத்திரையைத் தின்றுகொண்டு, சோற்றைக் கண்டால் ஓடிக்கொண்டு, அந்த மனிதர் மாதக்கணக்கில் கிடப்பார். நல்ல எண் வந்த குற்றத்துக்காக.

அறை வாசலில் தலை தெரிந்தது. "என்னம்மா, நான் கிளம்பட்டுமா? நிக்க முடியல."

அவளுக்கு 'சரி, கிளம்புங்க' என்பது நாக்கு நுனி வரை வந்தது. அவர் போய்விடுவார். அவள் மதியம் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம். அந்த நேரத்தில் அவளுக்குப் படுக்கத்தான் வேண்டியிருந்தது, நேர்மையாக இருப்பதற்குக்கூடத் தெம்பு போதாத மாதிரி இருந்தது.

"கிளம்பாதீங்க சார்" என்றாள். "உக்காருங்க. உங்களுக்கு அந்த எழுபத்தெட்டு வரவே இல்ல. அது என்னோடது."

அவருக்குப் புரியவில்லை. பொறுப்பாளர் அறைக்கு அவரையும் கையோடு அழைத்துப் போனாள். தனியாகப் போனால் பாதி வழியில் மனம் மாறிவிடும் என்று தன்னைப் பற்றி அவளுக்குத் தெரியும். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்: காலையில் மடங்காத விரல், லேபிள், மதியமே ஒட்டி வைப்பது, எட்டு மாதம், அந்த ஒரு நாள். சொல்லச் சொல்ல அளவுகோல் அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

தபால்காரர்தான் முதலில் பேசினார். "முப்பத்துநாலு வருஷம் தபால் போட்டேன். மழையில போட்டேன், காய்ச்சல்ல போட்டேன். ஒரே பேருல ஒரே தெருவுல மூணு வீடு இருந்துச்சு. அப்பக்கூட ஒருத்தர் கடுதாசிய இன்னொருத்தர் வீட்டுல போட்டதில்ல. நீ என் ரத்தத்தையே வேற வீட்டுல போட்டுட்டியே!" ரிப்போர்ட்டை எடுத்து மேஜை மேல் வைத்தார். "ஆறு வாரம்மா. என் வீட்டுக்காரி நான் பொழைக்க மாட்டேன்னு நெனச்சுக்கிட்டு ராத்திரியில அழுவா. நான் தூங்கற மாதிரி கண்ண மூடிக்குவேன்."

"மன்னிச்சுடுங்க சார்."

"மன்னிக்கறதெல்லாம் அப்புறம்" என்றார். "இனிமே எவன் குத்தினாலும் பரவால்ல, நாலு இடத்துல குத்தட்டும். நீ குத்தாத."

அது அவளுக்கு எங்கே பட வேண்டுமோ அங்கே பட்டது. அவர் சொன்னதில் ஒரு சொல்கூட அதிகம் இல்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

பொறுப்பாளர் உடனே அவருடைய டாக்டருக்குப் பேசினார், எழுத்திலும் அனுப்பினார். எட்டு மாதத்தில் அவள் கைப்பட்ட அத்தனை ரிப்போர்ட்டுகளையும் பழைய எண்களோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆள் போட்டார். தபால்காரரை வண்டி வைத்து வீட்டுக்கு அனுப்பினார். எல்லாம் முடிந்த பிறகு அவளைப் பார்த்தார்.

"விசாரணை முடியற வரைக்கும் நீ ஊசியத் தொடக் கூடாது. தொலைபேசி மேஜைக்குப் போ. அதுக்கப்புறம் என்னன்னு மேல இருக்கறவங்க சொல்லுவாங்க. வேலையே போனாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்."

"சரிங்கம்மா."

"ஏம்மா" என்றார். அந்தக் குரலை அவள் அவரிடம் அதுவரை கேட்டதில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பக்கத்துல ஒருத்தர நிக்கவெச்சு லேபிள உரிச்சுக் குடுக்கச் சொல்லியிருப்பேனே. அதுக்கு என்ன, ஒரு ஆளுக்கு அஞ்சு செகண்டு வேலை. அஞ்சு செகண்டு உதவி கேக்க உனக்கு வாய் வரலையா?"

கேட்டால் கிடைக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வீட்டில் கேட்டுக் கேட்டு, ஒருவர் கேட்கக்கூடிய மொத்த உதவியையும் ஏற்கெனவே கேட்டு முடித்துவிட்டதாக நினைத்திருந்தாள்.

பேருந்தில் உட்கார இடம் கிடைத்தும், இறங்கும்போது முட்டி நீட்ட வராமல் ஒரு நிறுத்தம் தாண்டி இறங்கினாள். திரும்பி நடக்க இருபது நிமிடம் ஆனது. வழியில் மூட்டு டாக்டருக்குப் பேசினாள். அவர் உடனே பழைய அளவு மாத்திரைக்குப் போகச் சொன்னார், மறுநாள் வரச் சொன்னார். "அன்னைக்கு நான் கேட்டப்போ பரவாயில்லன்னீங்களே?" என்று வருத்தத்தோடு கேட்டார்.

கணவன் ஆறு மணிக்கு வந்தான். மகள் தனி வகுப்புக்குப் போயிருந்தாள். அவன் சட்டை மாற்றும் வரை காத்திருந்து, அவன் எதிரில் உட்கார்ந்து, நிலையத்தில் சொன்னதையே இங்கேயும் சொன்னாள். இரண்டாவது முறை சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்தாள், இல்லை.

"வேலை போயிடுமா?" என்று கேட்டான்.

"தெரியல. போகலாம்."

"அந்தப் பெரியவரு?"

"நிறுத்த வேண்டியத நிறுத்தியாச்சு. தேறிடுவாருன்னு சொல்றாங்க. இனிமே நான் குத்தக் கூடாதுன்னுட்டாரு."

அவன் தலையை ஆட்டினான். எழுந்து ஜன்னல் வரைக்கும் போனான், திரும்பி வந்து உட்கார்ந்தான். ஏதோ ஒரு கூட்டல் அவனுக்குள் மெதுவாக நடந்துகொண்டிருந்தது. அது முடிகிற இடம் அவளுக்குத் தெரியும். அவனாகவே வந்து சேரட்டும் என்று விட்டுவிட்டாள்.

"அப்போ அந்தப் பதினாலு உன்னோடது இல்ல."

"இல்ல."

"அப்போ இந்த ஆறு வாரமும்..." அவன் அவளுடைய மணிக்கட்டைப் பார்த்தான். அந்த வீக்கம் அங்கேயேதான் இருந்தது, அவன் கண்ணெதிரில் சோறு பரிமாறியது, துணி பிழிந்தது. "உனக்கு வலிச்சுக்கிட்டேதான் இருந்துச்சா?"

"வலிச்சுது."

"ஏம்மா சொல்லல?"

"சொன்னேனே. அப்புறம் நானே நம்பல. ரிப்போர்ட் வேற சொல்லும்போது நான் யாரு, என் உடம்பப் பத்திச் சொல்றதுக்கு?" அதைச் சொல்லும்போது அவளுக்குக் குரல் உடைந்தது. நிலையத்தில் உடையாதது, தபால்காரர் திட்டியபோது உடையாதது, இங்கே உடைந்தது.

அவன் கையை நீட்டினான், அவள் விரல்களைத் தொடலாமா என்று தெரியாமல் மேஜை மேலேயே வைத்துவிட்டான். கண்ணாடி வெட்டுகிறவனின் கை, கீறல் தழும்புகள் நிறைந்தது.

"உன்னப் போய் சோம்பேறின்னு சொன்னேன்" என்றான்.

"ஆமா. சொன்னீங்க."

"மன்னிச்சுடும்மா."

அவள் அவனைப் பார்த்தாள். நல்ல மனிதன்தான். மூன்று வருடம் விடியுமுன் எழுந்து தண்ணீர் சுட வைத்தவன். இப்போது அவள் ஏதாவது சொல்ல வேண்டும், பரவாயில்லை என்று, உங்களுக்கு எப்படித் தெரியும் என்று, அவன் முகத்தில் இருப்பதைத் துடைக்கிற மாதிரி ஏதாவது. அதற்கு நிமிர்ந்து உட்கார வேண்டும், குரலைத் திரட்ட வேண்டும், ஒருவேளை அவன் தலையில் கை வைக்க வேண்டும். அவள் உள்ளே தேடிப் பார்த்தாள். அங்கே ஒன்றும் மிச்சம் இல்லை.

"நாளைக்கு மன்னிக்கறேங்க" என்றாள். "இன்னைக்கு ரொம்ப அசதியா இருக்கு."